முள்ளிவிளையில் விழுந்த கல்

ஜூலை 18, வெள்ளி

ஆய்வகக் குறிப்பேட்டில் எடையும் வெப்பமும் எழுதலாம். எரிச்சலை எழுத இடமில்லை. அதற்குத்தான் இந்த டைரி.

நேற்று இருட்டும் நேரத்தில் வானத்தில் ஒரு தீக்கோடு போயிருக்கிறது. பின்னாலேயே வெடிச்சத்தமும் கேட்டதாம். காலையில் எல்லோர் செல்போனிலும் அதே பேச்சு. பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ஹெலன் மேடம் கூப்பிட்டார்.

"சக்தி, முள்ளிவிளைன்னு ஒரு ஊர். முருங்கைத் தோட்டத்துல கல்லு விழுந்திருக்கு. நீ உடனே கெளம்பு."

டாக்டர் ஹெலன் ஞானதீபம் எங்கள் ஆய்வகத்தின் தலைவர். பூமிக்கு வெளியே உயிர் இருக்குமா என்று தேடுகிற சின்ன ஆய்வகம், பாளையங்கோட்டையில். விண்வெளிக்குப் போக எங்களுக்கு வழியில்லை. அதனால் உப்பளச் சேற்றிலும், எப்போதாவது கையில் சிக்கும் விண்கல் துகளிலும் தேடுகிறோம். நான் அங்கே முதுநிலை ஆய்வாளர். வேலை முழுக்க என்னுடையது. வெளியாகும் கட்டுரைகளில் மட்டும் பிரம்மசக்தி என்ற பெயர் எப்போதும் கடைசியில், நன்றி சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில் வரும்.

முள்ளிவிளைக்குப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. தேரி என்று சொல்லும் செம்மணல் மேடு, பனை, முருங்கை. தோட்டக்காரர் தவசிமுத்து, ஊர் வி.ஏ.ஓ., ஒரு கான்ஸ்டபிள் மூவரும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி. மரியாதையாகத்தான் நடத்தினார்கள். நான் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். கல்லை யாராவது தொட்டார்களா, உடைத்தார்களா, இடம் மாற்றினார்களா என்று.

"நான் காய் லோடு ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் போயிருந்தேன் மேடம். இப்பதான் வந்து எறங்குனேன். கெடந்த எடத்துலயே கெடக்கு. ஒருத்தரும் கிட்ட போகல" என்றார் தவசிமுத்து. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எழுதிக்கொண்டு கையெழுத்தும் வாங்கினேன்.

கல் ஒரு தேங்காய் அளவு இருக்கும். கன்னங்கரேல். மேல் ஓட்டில் இரண்டு விரிசல். மழை பெய்யவில்லை, ஆனாலும் கல் கிடந்த பள்ளத்தில் மண் ஈரமாக இருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியிருப்பார்கள். கையுறை போட்டு, கிருமி நீக்கிய பையில் எடுத்தேன்.

தவசிமுத்துவின் மனைவி மாடத்தி சொம்பில் மோர் கொண்டுவந்தார். நல்ல மோர். அவரோடு இன்னும் இரண்டு பெண்கள் வாசல்படியில் நின்றார்கள். கிளம்பும்போது மாடத்தி ஜீப் வரை வந்து என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வி.ஏ.ஓ. நேரமாகிறது என்றார்.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு ஆடி வெள்ளிக் கூழ் தூக்குவாளியில் இருந்தது. முக்கால்வாசியை என் மகள் செண்பகா குடித்துவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

மாவு அரைத்தேன். துணி துவைத்தேன். செண்பகாவின் அப்பா கப்பலில் இருந்து கூப்பிட்டார். எந்தக் கடல் என்று கேட்டேன், சிக்னல் போய்விட்டது.

சிறுவர் பத்திரிகை ஒன்றுக்கு வேற்றுலக உயிர் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருவதாக எப்போதோ ஒப்புக்கொண்டிருந்தேன். ஆசிரியர் நினைவூட்டி மெயில் போட்டிருக்கிறார். ஐந்தாம் வகுப்புக்குப் புரிய வேண்டுமாம். ஐந்தாம் வகுப்பு எங்கள் வீட்டிலேயே ஒன்று இருப்பதால் முதல் பத்தியை அவளிடம் கொடுத்தேன்.

"வேற்றுக்கிரகவாசி என்றதும் பெரிய கண்ணும் பச்சை உடம்பும் நினைவுக்கு வரும். விஞ்ஞானிகள் தேடுவது பெரும்பாலும் அப்படி ஒருவரை அல்ல. கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிரைத்தான். ஏனென்றால் நம் பூமியிலேயே மிக மிக நீண்ட காலம் நுண்ணுயிர்கள் மட்டும்தான் இருந்தன. மீன், டைனோசர், நாம் எல்லோரும் நேற்று வந்தவர்கள்."

செண்பகா படித்துவிட்டு, "பச்சை மனுஷன் இல்லன்னு மொத வரியிலயே சொல்லிட்டா அப்புறம் யாரும்மா படிப்பா?" என்றாள். நியாயம்தான். ஆனால் மாற்றமாட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று கல்லை அறுத்தோம். நாள் முழுக்க நின்றே வேலை. காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் கை நுழைத்து, கல்லின் மேல் ஓட்டைச் சீவி எடுத்து, அதற்கு ஒரு விரற்கடை கீழே இருந்து துகள் எடுத்தேன். நடுப்பகுதி அரசுக் காப்பகத்துக்குப் போக வேண்டும், அதைத் தொடக் கூடாது என்பது உத்தரவு. ஊட்டம் கலந்த ஊதா நிற ஜெல்லி ஊற்றிய தட்டுகளில் துகளைத் தூவி மூடினேன். பக்கத்திலேயே சுட்டுக் கிருமி நீக்கிய சாதாரணக் கூழாங்கல் தூள் தூவிய தட்டுகளும் வைத்தேன். அதிலும் ஏதாவது வளர்ந்தால் தப்பு எங்கள் கையில். அதில் வளராமல் இதில் மட்டும் வளர்ந்தால், அடுத்த வார்த்தையை எழுதப் பயமாக இருக்கிறது.

இதுவரை வளர்ந்ததில்லை. எந்தத் துகளிலும், எந்த ஆண்டிலும்.

அறுத்துக்கொண்டிருக்கும்போது மாடத்தி கூப்பிட்டிருக்கிறார். மாலையில் நான் திருப்பிக் கூப்பிட்டேன். கல் எங்கே வைத்திருக்கிறோம், சுத்தமான இடமா, செருப்புக் காலோடு யாரும் போவார்களா என்று கேட்டார். "அத நீங்க பத்திரமா வச்சிருக்கீயளாம்மா? நாங்க அன்னைக்கு அதுக்கு..." என்று தொடங்கும்போது ஹெலன் மேடம் உள்ளே வந்தார். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

வளர்ந்திருக்கிறது.

கல் தூவிய தட்டுகளில் மூன்றில் வெள்ளைப் புள்ளிகள். அவற்றைச் சுற்றி ஊதா ஜெல்லி மஞ்சளாகிவிட்டது. அங்கே ஏதோ ஒன்று சாப்பிட்டு, அமிலம் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கூழாங்கல் தட்டுகள் சுத்தம். ஒரு புள்ளிகூட இல்லை.

இரண்டு முறை தட்டின் எண்ணைச் சரிபார்த்தேன். கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவி, மூன்றாம் முறை சரிபார்த்தேன். பிறகுதான் மேடத்தைக் கூப்பிட்டேன். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. குட்டைக் குட்டையான கம்பிகள், சிலது சங்கிலியாக. பூமியில் இந்த வடிவத்தில் எத்தனையோ உண்டு, வடிவத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மரபணு வரிசை பார்க்க வெளியூருக்கு அனுப்பினோம். முடிவு வர நாளாகும்.

தட்டைத் திறந்தபோது லேசாகப் புளிப்பு வாசனை வந்தது. ஆய்வகத்தில் யாரோ மோர்சாதம் சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிடக் கூடாது என்று கதவில் பெரிய எழுத்தில் ஒட்டினேன்.

ஜூலை 26, சனி

தூங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

ஜூலை 28, திங்கள்

கூட்டம். வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். அந்தக் கல்லின் இன்னொரு துண்டு பக்கத்து ஊரில் விழுந்து வேறொரு நிறுவனத்துக்குப் போயிருக்கிறதாம். அவர்களும் தட்டு வைத்திருப்பார்கள். யார் முதலில் சொல்வது என்பதுதான் பேச்சு. கல்லை எடுத்ததும் அறுத்ததும் வளர்த்ததும் நான். ஒரு பேராசிரியர் மேடத்திடமே எல்லாவற்றையும் கேட்டார். என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், ஏசியைக் குறைக்க முடியுமா என்று. குறைத்தேன். ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் போகிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது.

கூட்டம் முடிந்ததும் மேடம், "மரபணு முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது சக்தி. முதற்கட்ட முடிவுன்னு சொல்லிடுவோம்" என்றார். நான் கொஞ்சம் பொறுக்கலாமே என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை போலிருக்கிறது.

மாடத்தி இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். கல்லைத் திருப்பிக் கேட்பார். அது அரசாங்கத்துச் சொத்து என்று நான் எப்படிப் புரியவைப்பது? நேரமில்லை.

ஜூலை 30, புதன்

சிறுவர் பத்திரிகைக் கட்டுரையை முடித்தேன். மூன்று நான்கு இடம் நன்றாக வந்திருக்கிறது.

"உயிர் இருக்குமா என்று பார்க்க விஞ்ஞானிகள் முதலில் தண்ணீரைத் தேடுகிறார்கள். செவ்வாயில் வறண்டுபோன ஆற்றுத் தடங்கள் உண்டு. வியாழனைச் சுற்றும் யூரோப்பா என்ற நிலா முழுக்கப் பனி. அந்தப் பனிக்கு அடியில் கடல் இருக்கலாம். சனியின் என்செலடஸ் நிலாவில் பனி விரிசல்கள் வழியாக நீர் பீய்ச்சி அடிக்கிறது. இவற்றுக்கு விண்கலம் போகலாம். மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களுக்கு நம்மால் போக முடியாது. அவற்றின் காற்றுக்குள் புகுந்து வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அங்கே என்ன வாயு இருக்கிறது என்று ஊகிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று வாசனையை வைத்துச் சொல்வதுபோலத்தான்."

"செவ்வாய்க்கு அனுப்பும் கருவிகளைத் துடைத்து, சூடாக்கி, தூசு வராத அறையில் பூட்டுகிறார்கள். ஏன் தெரியுமா? நம் கையிலும் தும்மலிலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு. அவை ஒட்டிக்கொண்டு போய்விட்டால், அங்கே நம்முடையதையே பார்த்துவிட்டு வேற்றுலக உயிர் என்று சொல்லிவிடுவோம். தேடப் போகிறவர் தானே கொண்டுபோய் வைத்ததைக் கண்டுபிடித்தேன் என்று சொல்லக் கூடாது."

செண்பகா கால் நீட்டி உட்கார்ந்து படித்தாள். சமையல் வாசனை பிடித்திருந்தது. கடைசிப் பத்தியில் நிறுத்தினாள்.

"அது நாம கொண்டுபோனதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"கெளம்புறதுக்கு முன்னாடியே எல்லா எடத்துலயும் பாத்து வச்சிக்குவாங்க."

"எல்லா எடத்துலயும்னா?"

"தொட்ட எடம், வச்ச எடம், வந்த வழி எல்லாம்."

"உங்க கல்லுக்கு அப்படிப் பாத்தாச்சா?"

பார்த்தாச்சு என்றேன். கையெழுத்தே இருக்கிறது. போய் வீட்டுப்பாடம் எழுது என்று கொஞ்சம் அதட்டலாகவே சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப்போய்விட்டது அவளுக்கு. கட்டுரையை அனுப்பியாகிவிட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பத்திரிகையாளர் கூட்டம் வருகிற புதன்கிழமை. அழைப்பு போய்விட்டது. மேடம் எங்கள் ஆய்வுக் கட்டுரைப் படியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பெயர் வரிசையில் முதலில் பிரம்மசக்தி. அவர் பெயர் கடைசியில். மேடத்தின் அறைக்கு ஓடிப்போய் நின்றேன்.

"நீதான செஞ்ச. அப்ப உன் பேருதான மொதல்ல வரணும்" என்றார். "எனக்கு அடுத்த மே மாசத்தோட சர்வீஸ் முடியுது சக்தி. எத்தனை வருஷமா வெறும் தட்டையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கு வளந்த மொதல் தட்டு இது."

எனக்கு அவரைப் பிடிக்கும் என்று இந்த டைரியில் எங்கேயும் எழுதவில்லை. பிடிக்கும்.

வீட்டில் காலையில் கரைத்து வைத்த மாவு பொங்கி மேடை முழுக்க வழிந்திருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தவள் பாதியில் துணியை முகர்ந்து பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன். பிறகு மேடையை வெந்நீர் விட்டுக் கழுவினேன். வேலைக்காகவே பிறந்த மூக்கு இது, எல்லா இடத்திலும் தட்டு வாசனை தெரிகிறது.

மாடத்தி கூப்பிட்டார். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. செண்பகா நச்சரித்ததால் ஆற்றுக்குப் போனோம். நல்ல கூட்டம். படித்துறைக்கு மேலே அரசமரத்தடியில் நாகர் சிலைக்கு ஒரு பெண் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பால் முடிந்ததும் தயிர். அது முடிந்ததும் தேன். சிலையின் கழுத்தருகே இருந்த வெடிப்பில் அது நின்று நின்று உள்ளே இறங்கியது. பிறகு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். சிலை பழையபடி கறுப்பாக, துளி வெள்ளை இல்லாமல் மின்னியது.

செண்பகா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

கல் விழுந்த மறுநாள் ஆடி முதல் வெள்ளி. எனக்குத் தெரியாததா? அன்று என் வீட்டிலேயே கூழ் இருந்தது.

மாடத்தியை நானே கூப்பிட்டேன். நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். ஃபோனில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்றே தெரிந்துபோயிருக்கும், அதனால்தான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடுப்பு சொல்லிவிட்டு பஸ்ஸில் போனேன். தவசிமுத்து தோட்டத்தில் இருந்தார். நான் அவரிடம் போகவில்லை, நேராக வீட்டுக்குள் போனேன். மாடத்தி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்து பாயை உதறிப் போட்டார்.

கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. சொல்ல நேரம் கிடைத்த நிம்மதிதான் முகத்தில் இருந்தது.

"வியாழக்கெழம சாயங்காலம் விழுந்துச்சும்மா. வீடே அதிருச்சு. எங்கூட்டு அவிய லோடோட போயிருந்தாவ. மறுநா விடிஞ்சா ஆடி வெள்ளி. வானத்துலருந்து நம்ம தோட்டத்தத் தேடி வந்தத வெறுங்கையோடயா கும்புடுவாவ? நானும் என் நாத்தனாரும் பக்கத்து வீட்டுச் சித்தியும் பாலு, தயிரு, தேனு, எளநி எல்லாம் ஊத்துனோம். பொறவு நாலு கொடம் தண்ணி ஊத்திக் கழுவிப் பூ வச்சோம். போலீஸ் வருதுன்னு சொன்னாவ. பயந்துபோயி பூவ மட்டும் எடுத்துட்டோம்."

"அன்னைக்கு ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வாசல்ல வந்து நின்னோம். நீங்க ஆம்பளையள்ட்ட கேட்டுட்டு எந்திரிச்சிட்டீய. எங்க பக்கம் திரும்பவே இல்லயே. அதாம் ஃபோன்ல கூப்புட்டேன். கூப்புட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கீரைக்காம்பை ஒடித்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"அபிஷேகம் பண்ணுன கல்லும்மா. அதுல வெட்டுக் குத்து ஒண்ணும் படக் கூடாதுன்னு சொல்லத்தான் கூப்புட்டேன். படலல்லா?"

"வெட்டியாச்சு."

கீரையை அப்படியே முறத்தில் போட்டுவிட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. மோர் வேண்டுமா என்றுகூட இந்த முறை கேட்கவில்லை. நாளைக்கு டிவியில் வரும் என்று தவசிமுத்து ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார். "எங்க ஊர் பேரு வருமாம்மா?"

வரும் என்றேன்.

திரும்பி வந்து நேராக மேடத்தின் அறைக்குப் போனேன். சொல்லி முடித்ததும் அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மேல ஊத்துனது உள்ள எப்படிப் போகும்?"

"ஓட்டுல விரிசல் இருக்கு மேடம். கல்லு துளைதுளையா இருக்கு. நான் எடுத்தது ஓட்டுக்குக் கீழதான். நடுவுல இருந்து எடுக்கல."

"தயிர்தான்னு உறுதியாத் தெரியுமா உனக்கு?"

"மரபணு முடிவு வந்தாத் தெரியும்."

"அப்ப தெரியாது." நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். அது இல்லாத அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை, வயதாகிவிட்டது. "நாளைக்கு நாம முதற்கட்ட முடிவுன்னுதான் சொல்லப் போறோம். பின்னால இல்லன்னு ஆனா, ஊர்க்காரங்க மறைச்சிட்டாங்கன்னு சொல்லிக்கலாம். அது பொய் இல்லையே. உங்கிட்ட ஒருத்தரும் சொல்லலதான?"

"சொல்லல."

"பின்ன என்ன. போய்ச் சாப்பிடு. உன் பேரு முதல்ல இருக்கு. அதைக் கெடுத்துக்காத."

வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருந்தது. அவர் சொன்ன வாக்கியத்தைப் பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கும் இடிக்கவில்லை.

சிறுவர் பத்திரிகையிலிருந்து அச்சுக்குப் போகும் பக்கத்தைச் சரிபார்க்க அனுப்பியிருக்கிறார்கள். தேடப் போகிறவர் பற்றிய பத்தியைக் கட்டம் கட்டிப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். பிழை ஒன்றும் இல்லை என்று பதில் போட்டேன். செண்பகா நாளைக்கு எந்தப் புடவை என்று பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 6, புதன்

அரக்குக் கரை போட்ட பச்சைப் புடவை. செண்பகா எடுத்துக் கொடுத்தது.

அரங்கு நிறைந்திருந்தது. மேசையில் வரிசையாக மைக். எனக்கு மேடத்துக்குப் பக்கத்து நாற்காலி. முன்வரிசையில் அந்த இரண்டு பேராசிரியர்கள். மேடம் நன்றாகப் பேசினார். விண்கல் எப்படி வருகிறது, தட்டில் எப்படி வளர்க்கிறோம், கூழாங்கல் தட்டு ஏன் என்று யாருக்கும் புரியும்படி சொன்னார். முதற்கட்ட முடிவு என்று மூன்று இடத்தில் சொன்னார். கேமராக்காரர்களுக்கு அது காதில் விழுந்திருக்காது. திரையில் என் தட்டு, மஞ்சள் வளையத்தோடு, சுவர் முழுக்கப் பெரிதாக நின்றது. "இதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் பிரம்மசக்தி" என்று என் பக்கம் கை காட்டினார். கைதட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு கேள்விகள். பச்சை மனிதர் வருவாரா என்று ஒருவர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு பெண் நிருபர் எழுந்தார்.

"கல்லு விழுந்ததுக்கும் நீங்க எடுத்ததுக்கும் நடுவுல ஒரு ராத்திரியும் அரை நாளும் இருக்கு. அந்த நேரத்துல அதுக்கு என்ன ஆச்சுன்னு விசாரிச்சீங்களா?"

"டாக்டர் பிரம்மசக்தி நேர்லயே போய் விசாரிச்சாங்க. அவங்களே சொல்வாங்க" என்றார் மேடம். மைக்கை என் பக்கம் நகர்த்தினார். அவர் கை மைக்கை விட்டு உடனே போகவில்லை.

வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவ்வளவுதான், நான்கைந்து சொற்கள். வாயைத் திறந்தேன். முள்ளிவிளையில் இந்நேரம் எத்தனை பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. தண்ணீர் குடித்தேன்.

"கல்லுக்கு அபிஷேகம் பண்ணியிருக்காங்க" என்றேன். "விழுந்த மறுநாள் ஆடி வெள்ளி. பால், தயிர், தேன், இளநீர் எல்லாம் ஊத்தி, கழுவியிருக்காங்க. விரிசல் வழியா அது உள்ள போயிருக்கணும். எங்க தட்டுல வளர்ந்தது பெரும்பாலும் தயிர்ல இருக்கற கிருமிதான். மரபணு முடிவு வந்தா உறுதியாத் தெரியும். நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது."

பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பி முன்வரிசை வரை வந்தது. "ஏலியன் தயிர்சாதம்" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. கேமராக்கள் என் முகத்துக்கு நெருங்கி வந்தன. மேடம் முன்னால் இருந்த காகிதங்களை ஒழுங்காக அடுக்கினார். என்னைப் பார்க்கவில்லை.

ஓரத்தில் நின்ற ஒரு நிருபர் சிரிப்பு அடங்காமலே கேட்டார்.

"அப்ப அந்த ஊர்க்காரங்க உங்ககிட்ட இதை மறைச்சிட்டாங்க, அப்படித்தானே மேடம்?"

இப்போது ஹெலன் மேடம் என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. எனக்காகத்தான் கெஞ்சினார் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். நாளைக்குப் பேப்பரில் முள்ளிவிளைப் பெண்களைப் பார்த்து ஊரே சிரிக்கும். நான் ஏமாற்றப்பட்ட விஞ்ஞானியாக இருப்பேன். கட்டுரை போனாலும் பெயர் மிஞ்சும்.

"இல்ல" என்றேன். "மறைக்கல. அபிஷேகம் பண்ணவங்க மூணு பேரும் வாசல்லயே நின்னாங்க. ஊத்தும்போது அங்க இல்லாத மூணு ஆம்பளைங்ககிட்ட கேட்டு எழுதிட்டு வந்துட்டேன். அப்புறம் அவங்க ஃபோன் பண்ணிச் சொல்லப் பார்த்தாங்க, நான் எடுக்கல. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. இதை எழுதும்போது அப்படியே எழுதுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. பேனாக்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேடம் எழுந்து பக்கக் கதவு வழியாக வெளியே போனார். பேராசிரியர்களும் போனார்கள். நான் மட்டும் மேடையில் இருந்தேன், பின்னால் சுவரில் தட்டு அப்படியே நின்றது.

இரண்டாவது வரிசைப் பெண் நிருபர் மேசைக்கு அருகில் வந்து நோட்டைத் திருப்பிக் காட்டினார். எழுதியது சரியா என்று கேட்டார். படித்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கோடு விட்டிருந்தார்.

"உங்க முழுப் பேரு, இனிஷியலோட சொல்லுங்க மேடம். தப்பா வந்துடக் கூடாது" என்றார்.

சொன்னேன்.